பின்வரிசையிலிருந்து ஒரு கைதட்டு

கூட்டாகக் கற்பதைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேச என்னால் முடியும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அதற்குத்தான் சம்பளம். ஒருவர் ஓத, மற்றவர் கேட்டுத் திருத்த, பிறகு இடம் மாறிக்கொள்ள என்று நம் மதரஸாக்கள் வளர்த்த முறையைச் சொல்லிவிட்டு, "திருத்துகிறவனுக்குப் பொறுமை வேண்டும்" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

லாத்தா என் அக்கா. அவள் வீட்டுக்காரர், என் மச்சான், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக்கடை வைத்திருக்கிறார். பக்கவாதம் வந்து நாக்கு புரள மறுத்ததிலிருந்து மச்சான் வீட்டுத் தொழுகையை முன்னால் நின்று நடத்தவில்லை. ரமலான் வந்ததும் மகன்கள் வெளியாள் ஏற்பாடு செய்யப் பார்த்தார்கள். மச்சான் விடவில்லை. கடை திறக்கும் முன் மூட்டைகளுக்கு நடுவே நானும் அவரும் ஓதிப் பழகினோம். பாதி ஓதல், பாதி தும்மல்.

அன்று விடியலுக்கு முன் சஹர் சாப்பாடு முடிந்ததும் சொன்னார்:

"சுபுஹுத் தொழுகைக்கு நான் முன்னால நிக்கறேன். குழப்பினேன்னா இனி நிக்கவே மாட்டேன். ஆனா ஓதும்போது நான் நின்னுட்டா உடனே அடுத்த வரியை எடுத்துக் கொடுக்காதே மாப்ளே. நாக்குதான் லேட்டு. ஞாபகம் எங்கயும் போகலை, கேட்டியா?"

அவர் தேர்ந்தெடுத்தது, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் அத்தியாயம். அந்த வரிக்குப் பின் அடுத்தது எது என்பதில் முழுக் குர்ஆனையும் மனனம் செய்தவர்களே வழுக்குவார்கள்.

பாதியில் அந்த வரியை ஓதிவிட்டு மச்சான் நின்றார். மௌனம். பக்கத்தில் மகன்கள் மூச்சுவிடுவதாகத் தெரியவில்லை. நான் பொறுத்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். அதுவும் வகுப்பறைக் குரலில், சுத்தமான உச்சரிப்போடு, தப்பான வசனத்தை.

ஏற்கெனவே ஓதி முடித்த இடம் அது. என்னை நம்பி அவர் அங்கிருந்தே மறுபடி தொடங்கினார். இப்படியே போனால் சூரியன் உதிக்கும்வரை சுற்றிக்கொண்டிருப்போம். சரியானதோ எனக்கு நினைவில்லை. நோன்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது, அதன்மேல் பழிபோடவும் வழியில்லை.

பின்வரிசையில் 'டப்' என்று ஒரு சத்தம். தொழுகையில் தவறு நேர்ந்தால் பெண்கள் வாய் திறப்பதில்லை, கையைத் தட்டுவார்கள். லாத்தாதான்.

மச்சான் நின்றார். இந்த மௌனம் முந்தையதைவிட நீளம். என்னையறியாமல் மூச்சை இழுத்தேன். மறுபடி 'டப்'.

இது எனக்கு. வாயை மூடிக்கொண்டேன்.

ஈரச் சாக்கைப் பிழிவதுபோல் மச்சான் முதல் எழுத்தைப் பிழிந்தெடுத்தார். பிறகு சொல் வந்தது. சரியான வசனம். அதன்பின் கடைசிவரை அவர் நிற்கவில்லை.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்த உடனே லாத்தா கேட்டாள்: "ஏலே, காலேஜ்ல இதைத்தானே சொல்லிக் கொடுக்குறே?"

மச்சான் திரும்பாமலே தஸ்பீஹ் மணியை உருட்டியபடி அவளிடம் சொன்னார்:

"நாளைக்கும் அவன்தான் எனக்குப் பின்னால நிக்கணும். நீ அவனுக்கு நேர் பின்னால நில்லு."