ஒட்டுத் தோலும் கொல்லிமலை உப்பும்

தோல் ஒட்டு அறுவை சிகிச்சை முடிந்த எட்டாவது மாதம், ஆடி மழையில் கொல்லிமலைக்குப் போனேன். போன வருடம் விதைப்பையில் கிருமித் தொற்று வந்து, தோல் அழுகி, உயிரே போகவிருந்தது. அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு, தொடைத் தோலைச் சீவி அங்கே ஒட்டினார்கள். இனி எங்கும் போகலாம் என்றார் மருத்துவர். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அந்த இடம் மரத்தே கிடந்தது. யாருடைய தோலையோ உடுத்தியிருப்பது போலிருந்தது. மனைவிக்குக்கூட நான் காட்டவில்லை.

நாமக்கல்லில் வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் பழனி, காரவள்ளிக்காரர். அவர் ஊரிலிருந்துதான் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குகின்றன. உட்கார வளையத் தலையணை, தளரக் கட்டிய வேட்டி என்று புது மாப்பிள்ளை மாதிரி பத்திரமாகப் போனேன். பாதி மலையில் மூடுபனி சூழ்ந்தது. பழனி ஹாரன் அடித்தால் சத்தம் அங்கேயே அமுங்கிப்போனது.

மலைமேல் எடப்புளி நாடு என்ற ஊர்ப் பக்கம், ஒரு மிளகுத் தோட்டத்தருகே சிறுநீர் கழிக்க இறங்கினேன். திரும்பினால் காரைக் காணோம், பனிதான். அப்போது அந்த நாற்றம் வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்து, ஆஸ்பத்திரியில் என் உடம்பிலிருந்து வந்த அதே நாற்றம். நகர்ந்தேன்; கூடவே வந்தது. குனிந்தால் வேட்டியில் ரத்தம். வலியே இல்லை. நோய் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். பழனியைக் கத்திக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க சார், என்னாச்சுங்க?" பனிக்குள்ளிருந்து முதலில் குரல் மட்டும் வந்தது.

வெட்கத்தை விட்டுக் காட்டினேன்.

"அட்டைங்க சார்! நானே பயந்துட்டனுங்க."

"கடிச்சது தெரியவே இல்லையே?"

"அது கடிச்சா யாருக்குமே தெரியாதுங்க."

"அப்ப இந்த நாத்தம்?"

"பலாப்பழமுங்க. தோட்டம் பூரா உழுந்து அழுகிக் கெடக்குதே, பாக்கலீங்களா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே உப்பு. மழைக்காலத்தில் அது இல்லாமல் இங்கே யாரும் தோட்டத்தில் கால் வைப்பதில்லையாம். உப்புப் பட்டதும் அட்டை சுருண்டு விழுந்தது.

"எரியுதுங்களா?"

எரிந்தது. எட்டு மாதமாக யாருடையதோவாக இருந்த தோலில், சுரீரென்று. "நல்லா எரியுது பழனி" என்று அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

என்னைப் போன்றவர்கள் போவதானால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மலையேறும்போது இடையிடையே இறங்கி நில்லுங்கள். மழைக்காலத்தில் வேட்டி வேண்டாம், உப்பு வேண்டும். கடிவாயைக் கழுவி, ஊர் திரும்பியதும் காட்டிவிடுங்கள். நானும் காட்டினேன், ஒட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு அட்டைக் கடியைக் காட்டினேன். அதைக் காட்டினால் மற்றதையும் காட்டத்தானே வேண்டும்.