ஸ்பெயினில் பிடிபட்ட ஒரு சொல்

போன வாரம் அட்டாளைச்சேனையில், ஆசிரியப் பயிலுநர்களுக்கு முன்னால் என் மொழிபெயர்ப்புத் தொகுப்பைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள்.

"மிஸ், ஒங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எப்பிடி ஸ்பானிஷ் கவிதைய மொழிபெயர்த்தீங்க?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன் – வேறு என்ன செய்ய? ஆங்கிலம் வழியாகத்தான் என்று சொல்லித் தப்பிவிட்டேன். முழுக் கதையையும் அங்கே சொல்லத் தைரியம் வரவில்லை. என்னை வாசித்துவரும் உங்களிடம் சொல்லலாம்... எத்தனை வருடப் பழக்கம்.

சென்ற வருடம் ஸ்பெயினில், கடலோரக் கிராமம் ஒன்றிலுள்ள எழுத்தாளர் இல்லத்தில் ஒரு மாதம் தங்கி எழுத எனக்கு அழைப்பு வந்தது. 'ஸ்பானியக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்' என்று விண்ணப்பத்தில் என்னைப் பற்றி நானே எழுதியிருந்தேன். பொய் இல்லை. எந்த வழியாகக் கொண்டுவருகிறேன் என்று அவர்களும் கேட்கவில்லை.

கல்முனைக்குடியில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "அங்க போய் என்ன செய்யப் போறீங்க?" எழுதப் போகிறேன் என்பேன். "ஏன், இங்க எழுத ஏலாதா?" கேட்காதவர் என் கணவர் மட்டும்தான். நெல் விவசாயி. என் கவிதை ஒன்றைக்கூட அவர் வாசித்ததில்லை. மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தலைத் துணியில் சுற்றி என் சூட்கேஸில் வைத்துவிட்டு, "போயிட்டு வா புள்ள, வீட்ட நான் சமாளிக்கன்" என்றார்.

அங்கே போனால் – கடலைப் பார்த்த அறை. பெரிய மேசை. கதவைத் தட்ட ஒருவரும் இல்லை. ஒன்பது நாள் ஒரு வரி எழுதவில்லை. குக்கர் விசிலுக்கும் பிள்ளைகளின் சண்டைக்கும் நடுவில் எழுதியே பழகிய கை. அமைதி ஒத்துவரவில்லை. யன்னலால் கடலைப் பார்த்தேன், சம்பலைத் தின்றேன். இப்படிப்பட்ட இல்லங்களில் எழுதப்படாமல் போன புத்தகங்களை எல்லாம் அடுக்கினால்... சரி, விடுவோம்.

பத்தாம் நாள் காலை ஒரு வயதான பெண்மணி என்னைத் தேடி வந்தார். அச்சுக்குக் கொடுத்திருந்த என் தொகுப்பில் இருந்த கவிதைகளில் ஒன்று அவருடையது, அந்தக் கிராமத்துக்காரர்தான். தன் கவிதை தமிழில் எப்படி ஒலிக்கும் என்று கேட்க ஆசையாம். அங்கே தங்கியிருந்த மெக்ஸிக்கோ நாவலாசிரியை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

கவிதை இதுதான்: படகில் போனவன் திரும்பவில்லை. மனைவி கரையில் நிற்கிறாள். கடைசி வரி அவள் பேசுவது. நான் வாசித்து, 'இன்னும் நம்புகிறேன்' என்று முடித்தேன். கடைசிச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

"இல்லை. அவள் நம்பவில்லை, காத்திருக்கிறாள். அது என் அம்மா. எனக்குத் தெரியும்."

நம்பியிருப்பதற்கும் காத்திருப்பதற்கும் ஸ்பானிஷில் ஒரே சொல்லாம். ஆங்கிலத்தில் செய்தவர் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். நான் அதையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, "மாற்றிவிடு" என்றார், அவ்வளவுதான். ஆனால் புத்தகம் அன்றுதான் கல்முனையில் அச்சேறுகிறது.

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் எடுத்தேன். இல்லை. கடைசியில் கணவருக்கு எடுத்தேன். ஊரில் அறுவடை நேரம். பின்னால் வெட்டுமெஷின் இரைந்தது.

"மச்சான், புத்தகத்தில ஒரு சொல்லு மாத்தணும். அச்சடிக்க முதல்."

"ஒரு சொல்லா? அதுக்கு இந்த மெஷின விட்டுட்டுப் போகட்டா?"

"ஓம்."

மெஷினை நிறுத்தச் சொல்லி யாருக்கோ கத்தினார். பிறகு, "சரி, எந்தச் சொல்லு?" என்றார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து அச்சகத்திலிருந்து எடுத்தார்.

"இன்னும் அச்சடிக்கல்ல. நான் கவிதைய வாசிச்சன் புள்ள. 'காத்திருக்கிறேன்' சரிவராது."

காலையில் ஒரு விமர்சகர், இப்போது இன்னொருவர். ஏன் என்று கேட்டேன்.

"புருசன் கடலுக்குப் போய் வரல்ல. கரையில நிக்கிறவ 'காத்திருக்கிறேன்' எண்டு கதைப்பாளா? அவ பஸ்ஸுக்கா நிக்கிறா? 'பாத்துக்கிட்டு இரிக்கன்' எண்டுதானே சொல்லுவா. நீ போன நாளையிலருந்து நானும் அதத்தானே சொல்றன்."

உண்மைதான். தினமும் போனை வைக்கும்போது அவர் சொல்வது அதைத்தான். கேட்டுக்கேட்டு, அது ஒரு வரி என்றே எனக்குத் தோன்றாமல் போயிருந்தது. எழுத்துத் தமிழில் கட்டிய கவிதைக்குள் பேச்சுத் தமிழா, இலக்கணக்காரர்கள் என்ன சொல்வார்கள்... எல்லாம் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, "அப்பிடியே போடச் சொல்லுங்க" என்றேன். அன்று பின்னேரம்தான் அந்தப் பெரிய மேசையில் முதல் பக்கத்தை எழுதினேன்.

புத்தகம் வெளிவந்தது. நாற்பது கவிதைகள். மதிப்புரை எழுதிய இருவரும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக்காட்டியிருந்தார்கள். மூலமொழியின் நுட்பத்தை மொழிபெயர்ப்பாளர் ஆழ்ந்து உணர்ந்த இடமாம்.

கணவர் இரண்டு மதிப்புரைகளையும் நிதானமாக வாசித்தார். மடித்து வைத்தார். மறுநாள் வயலுக்குப் புறப்பட்டவர், பைக்கை ஸ்டார்ட் செய்யுமுன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அடுத்ததா எந்த நாட்டுப் பாஷைய மொழிபெயர்க்கப் போறம், புள்ள?"