தடுப்புக்கு இந்தப் பக்கம்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தச் சமூகக் கூடத்தில் எல்லோரும் மூடி தேடியது ஒரே ஒரு வாய்க்குத்தான். அதன் சொந்தக்காரருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். இன்ஜின் இரைச்சல் ஒரு காதைத் தின்றுவிட்டது. மற்றது பாதிதான் வேலை செய்தது. தான் பேசுவது தனக்கே கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். பாவம், மனிதர் என்ன செய்வார்?

கூடத்தின் மாடியில் உடற்பயிற்சி அறையும் வாசகசாலையும். கீழே ஒரே பெரிய ஹால், நடுவில் மடக்குத் தடுப்பு. அந்தப் பக்கம், வேலைக்குப் போகும் பெற்றோர் விட்டுச்செல்லும் குழந்தைகள். இந்தப் பக்கம், பெரியவர்களின் சீட்டு மேசை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே பாய் விரிப்பார்கள், இங்கே சீட்டுக் குலுக்குவார்கள்.

ஹாரன் மகள் வீட்டில் இருந்தார். மருமகனுக்கு இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். மகள் நல்லவள்தான், ஆனால் அப்பா வாயைத் திறக்கும் முன்பே உதட்டில் விரலை வைத்துவிடுவாள். அவர் மனம்விட்டுப் பேச மிச்சமிருந்தது அந்தச் சீட்டு மேசை ஒன்றுதான்.

அதற்கும் வந்தது வேட்டு. ஒரு மதியம் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில், தடுப்புக்கு அப்பால் ஒரு குழந்தை வீறிட்டது. அதைப் பார்த்து மற்றவையெல்லாம் அழ ஆரம்பித்தன. கூடத்தின் மேனேஜரம்மா ஓடி வந்தாள்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, மதியத்துல வராதீங்கன்னுதான் சொல்லணும்.”

“சரிம்மா,” என்றார் தன்னால் முடிந்த அளவு மெதுவாக. அதுவே வாசல்வரை கேட்டது.

மறுநாளிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. “என்னய்யா, பல்லு வலியா?” என்று சீட்டுக் கூட்டாளி டெய்லர் சீண்டிப் பார்த்தார். ம்ஹும். பேச்சில்லாமல் சீட்டாடுவது உப்பில்லாமல் சாப்பிடுவது மாதிரி. கொஞ்ச நாளில் ஹாரன் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்தார். இருந்தும் இல்லாதவனாகிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மதியம் டெய்லர் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார். எதற்கென்று கேட்டால், “வந்து பாருய்யா” என்பதோடு சரி.

ஹாலில் தடுப்பு திறந்து கிடந்தது. பாயில் குழந்தைகள் கொட்டக் கொட்ட விழித்திருந்தன. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக நின்றிருந்தாள்.

“நீங்க வாய மூடுனதுலருந்து இதுங்க கண்ண மூடல, ஐயா! உங்க சத்தத்துலயே தூங்கிப் பழகிடுச்சுங்க. இப்ப நாற்காலி நகந்தாக்கூட எந்திரிச்சுடுதுங்க. அன்னைக்கு மொதல்ல அழுதது புதுசா சேந்த குழந்த. அது தெரியாம உங்கள...”

மேனேஜரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “மன்னிச்சுக்கங்க ஐயா. உக்காந்து ஏதாவது பேசுங்க.”

மனைவி போன பிறகு அவரை யாரும் பேசச் சொன்னதில்லை. பாதி கேட்கும் காதிலும் அது தெளிவாகத்தான் விழுந்தது. இருந்தும் அந்தக் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

“என்னம்மா சொன்ன? சரியாக் கேக்கல.”

“பேசுங்க ஐயா!” என்று கத்தினாள் அவள்.

“இன்னொரு தடவ சொல்லும்மா.”