மொதலாளி இல்லாத ஆபீசு

மேசை நாற்காலி வாடகைக்கு விடுற தொழில்ல, அதுல உக்கார்றவங்க செய்யறது வேலைதான்னு ஊரை நம்ப வெக்கறதுதான் பெரிய வேலை. மீனாட்சிபுரத்துல மாட்டுத்தீவனக் குடோனா இருந்ததுக்கு வெள்ளையடிச்சு, ஏசி மாட்டி, கோ-வொர்க்கிங் ஸ்பேஸ்னு போர்டு வெச்சாங்க. மேனேஜரு நான். இந்த மாதிரி எடத்தோட சாவி வெச்சிருக்கறவங்களுக்கு நாஞ் சொல்றது புரியும்.

யாருக்குப் பயம்?

மூணாம் மேசை ஷாஹினா. கொழந்தைங்க புத்தகத்துக்குப் படம் வரையற பொண்ணு. அவங்க அப்பா சேலைக்கடை ராவுத்தரு ஒரு நாள் உள்ள வந்து சுத்திப் பாத்தாரு. எல்லாரு காதுலயும் ஹெட்போனு. யாரும் யார்கிட்டயும் பேசல. மொதலாளி எங்கன்னு கேட்டாரு. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற வேலைங்க, மொதலாளின்னு யாரும் இல்லீங்கன்னேன். வியாழக்கெழமை வந்து கூடவே உக்காந்து பாப்பேன், வேலை நடக்கலேன்னா புள்ள கடைக்கு வந்துரட்டும்னு கெளம்புனவரு, வாசல்ல நின்னு திரும்பிக் கேட்டாரு: "மொதலாளியே இல்லாத எடத்துல யாருக்குப் பயந்துங்க வேலை செய்வாங்க?"

வெந்துட்டிருக்குது

நாளைக்கு ஒரு நாளு வேலை செய்யற மாதிரி இருங்கப்பான்னு புதன்கெழமையே எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். கல்யாண வீடியோ எடிட் பண்ற செந்திலு மட்டும் வியாழக்கெழமையும் வழக்கம்போல மேசைமேல கவுந்து படுத்துட்டான். நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். வகுப்புல பாதிப்பேரு தூங்குவோம். அதனால தூங்கறவங்கள எழுப்ப எனக்கு மனசு வராது. இருந்தாலும் ராவுத்தரு வர்ற நேரம்டான்னு தட்டுனேன். கண்ணத் தொறக்காமயே சொன்னான்: "நான் வெட்டி ஒட்டி முடிச்சாச்சு, இப்பக் கம்ப்யூட்டரு வீடியோவ வேக வெச்சுட்டு இருக்குதுங்ணா. நான் எந்திரிச்சா மட்டும் சீக்கிரம் வெந்துருமாக்கும்?"

ஒரு ஆட்டுக்காது

ராவுத்தரு மக பக்கத்துலயே நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. ஷாஹினா ஒரு ஆட்டுக்குட்டியோட காதை வரைஞ்சா. அழிச்சா. மறுபடி வரைஞ்சா. மறுபடி அழிச்சா. நடுவுல பத்து நிமிசம் செவுத்தையே பாத்துட்டு இருந்தா. டீ கொண்டுபோய் வெச்சேன், அவரு தொடல.

மத்தியானம் வரைக்கும் அதே காது. "இன்னும் சரியா வரல, அத்தா"ன்னு அவ முணுமுணுத்தா. அவரு எந்திரிச்சாரு. மூணாம் மேசை காலின்னு நெனச்சுட்டே வாசல் வரைக்கும் கூடப் போனேன். செருப்ப மாட்டிட்டே சொன்னாரு: "நம்ம கடையில நாப்பது சேலைய விரிச்சுப் போட்டு ஒண்ண விக்கறோம், மீதிய மடிச்சு வெக்கறோம். இவளும் அதையேதான் பண்றா. இங்கயே இருக்கட்டுமுங்க."

இப்பெல்லாம் உங்க எடத்துல வேலை நடக்குதான்னு யாராச்சும் கேட்டா, நடக்குதுங்க, ஆனா அதக் கண்ணால பாக்கணும்னா நீங்க அரை நாள் லீவு போட்டுட்டு வரோணும்னு சொல்லிப்போடறேன்.