மாடி ரூமுக்குக் கேள்வி கேட்ட கதை

கேள்வி கேக்குறதும் ஒரு தொழில்தான். பதில் சொல்றவுகளுக்காவது என்னைக்காச்சும் வேலை கெடைக்கும், கேக்குறவளுக்குத் தொண்டத்தண்ணி வத்துறதுதான் மிச்சம். வீட்டுல கவர்மெண்ட் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைய வச்சிருக்கீகளா? அப்ப நாம ஒரே சாதிசனம், இங்கன வந்து உக்காருங்க.

தேனியில கோச்சிங் கிளாஸுக்குப் பின்தெருவுல எங்க வீடு. வீட்டுக்காரக தவறுனதுக்குப் பெறகு மாடி ரூமைப் படிக்கிற பொம்பளப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டேன். ஒரே ஒரு கண்டிசன். சாயங்காலம் கீழ வந்து உக்காரணும், நான் பொது அறிவுப் புத்தகத்தப் பாத்துக் கேள்வி கேப்பேன். அவுக நல்லதுக்குன்னு சொல்லிக்கிட்டேன். உள்ளதச் சொன்னா, எனக்குப் பேச ஆளு வேணும். மகன் ஞாயித்துக்கெழம போன்ல கேப்பான், சாப்பிட்டியா, மாத்திர போட்டியான்னு. ரெண்டுக்கும் 'ஆமா'தான் விடை. அதுக்குமேல வளத்த என்ன இருக்கு?

எந்த மாவட்டம்?

செல்வி வருசநாட்டுப் பிள்ளை. புருசன் ஜீப் ஓட்டுறாரு, சின்ன மகள மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருந்தா. "ரெண்டு தடவ எழுதிப் பாரு, ஆகலேன்னா புத்தகத்த மூடிட்டுக் காட்டு வேலைக்கு வந்துரு"ன்னு மாமியார் சொல்லி விட்டிருந்தாக.

மொத நாளு கேட்டேன், வைகை அணை எந்த மாவட்டத்துல இருக்கு? "தேனி"ன்னா. "தப்பு, மருதை"ன்னேன். விடையப் பாக்காமலே சொன்னேன், நான் கல்யாணமாகி வந்தப்ப தேனியத் தனியாப் பிரிக்கல, மருதை மாவட்டந்தான. புது மாப்பிள்ளையா அவுக என்னைய அணைக்குக் கூட்டிட்டுப் போயி மீன் வறுவல் வாங்கிக் குடுத்தாக. முள்ளு என் தொண்டையில சிக்கி, அத எறக்க வெறுஞ்சோத்துக்கு அலைஞ்சாக பாருங்க, அந்தக் கூத்த ஒரு மூச்சு சொல்லி முடிச்சேன். செல்வி பொறுமையாக் கேட்டுட்டு, புத்தகத்த வாங்கி விடையக் காட்டுனா. "பரவால்ல அப்பத்தா, மீனு வாங்குனப்ப மருதை, முள்ளு எடுத்தப்ப தேனின்னு வச்சுக்குவோம்."

கம்பம் பஸ்ஸு

சொந்தக்காரக வீட்டுக் காதுகுத்துக்குக் கம்பம் போனேன், அவளையும் கூட்டிக்கிட்டு. பஸ்ஸுலயும் விடல. தேசியக் கனி எதுன்னேன். அவ வாயத் தொறக்குமுன்ன, பின் சீட்டுல தலப்பாக் கட்டுன ஒரு பெரியவரு "திராட்சை"ன்னு சத்தம் போட்டாரு. கம்பத்துல திராட்சப் பந்தல் போட்டிருக்காராம். மாம்பழம்னு சொன்னதும் அவருக்கு மூஞ்சியே செவந்துருச்சு. "எந்த ஆபீசரு சொன்னது? அந்தாள ஒரு நட எங்க தோட்டத்துக்கு வந்துட்டுப் போகச் சொல்லு தாயி!"

புருவம்

எங்கிட்ட உக்காந்தா செல்வி ஒண்ணு விடாமச் சொல்லுவா. ஆனா பரீட்சையில கோட்ட விட்டுட்டா. பாவிப்பிள்ளை சோறு திங்காமக் கெடந்தா. மாமியார் குடுத்ததுல ஒரு தடவ போச்சே. எனக்கும் ஒண்ணும் விளங்கல.

ஒரு நாளு அடுப்பப் பாக்கத் திரும்பி நின்னு தோச ஊத்திக்கிட்டே பதில் சொன்னா. அம்புட்டும் தப்பு. தோசக்கரண்டியோட திரும்பி என்னைய உத்துப் பாத்தா. "அடுத்தத கேளுங்க"ன்னா. கேட்டேன். சரியாச் சொன்னா. கரண்டியக் கீழ வச்சிட்டு, அழுகையும் சிரிப்புமா ஒரு மாதிரி நின்னா. "நாலு விடைய வாசிக்கிறப்ப, சரியானதுக்கு மட்டும் உங்க புருவம் மேல ஏறுது அப்பத்தா. பரீட்சை ஹாலுல நான் புருவத்துக்கு எங்க போவேன்?"

பால்காரரு

அதுக்குப் பெறகு அவ கீழ எறங்கி வரல. மாடியில கதவச் சாத்திக்கிட்டு செல்போன்ல படிச்சா. படிக்கிற பிள்ளைய எப்படிக் கூப்பிடுறது? டிவியப் போட்டேன். அதுல பேசுறவுக நம்மள ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறாக. புத்தகத்தத் தொறந்து வச்சு செவத்தப் பாத்துக் கேட்டேன், அதுவும் நல்லால்ல. ஒரு நா விடியக்காலம் பால்காரரு வந்தாரு. வாய் சும்மா இருக்குமா, தேசியப் பறவை எதுன்னு கேட்டுப்புட்டேன். மனுசன் கேனக் கையில தூக்கினபடியே நின்னாரு. "ஆத்தா, இன்னைக்குப் பாலு வேணுமா வேணாமா, அதுக்கு மொத விடையச் சொல்லு."

ஒரே பெஞ்சு

பெறகு ஒரு சாயங்காலம் செல்வியே கீழ வந்தா. புத்தகத்துல விடை இருந்த பக்கத்த எல்லாம் ஒண்ணாச் சேத்து ஸ்டேப்ளர் அடிச்சிருந்தா. "வெறும் செல்போனப் பாத்துப் படிச்சா மண்டையில நிக்கல அப்பத்தா. கேளுங்க, ஆனா இனிமே உங்களுக்கும் விடை தெரியக் கூடாது"ன்னா. நானும் யோசிக்க ஆரம்பிச்சேன். அவ ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன், சண்ட போட்டு முடிச்சுத்தான் பின்னப் பிரிச்சுப் பாப்போம். அவதான் பெரும்பாலும் ஜெயிப்பா. சில நாளு எனக்கும் சரியா வந்துரும், அன்னைக்கு அவ இனிப்பு வாங்கியாருவா. "இப்பத்தான் அப்பத்தா ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கோம்."

ஜீப்பு

ரெண்டாந்தடவ பாஸாயிட்டா. வேற மாவட்டத்துல வேலை, மகளையும் அங்கனயே பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாளாம். செய்தி வந்தப்ப நான்தான் தெருவுக்கே முட்டாய் குடுத்தேன். குடுத்துட்டு வீட்டுக்குள்ள வந்தவ, பழக்கத்துல பொது அறிவுப் புத்தகத்தத் தொறந்துட்டேன்.

அவ புருசன் ஜீப்பக் கொண்டாந்து பாயி, ஸ்டவ்வு, புத்தகக்கட்டு எல்லாம் ஏத்துனாரு. செல்வி என் கையப் புடிச்சுக்கிட்டே நின்னா. எம்மனசக் குளுர வைக்கணும்னு அவரு சொன்னாரு பாருங்க. "இனிமே ஒங்களுக்குத் தொந்தரவே இல்ல அப்பத்தா, சாயங்காலம் நிம்மதியா இருக்கலாம்."

பாஸான பிள்ளை ரூமக் காலி பண்ணிரும், பெயிலான பிள்ளை அழுதுக்கிட்டே தங்கிக்கிரும், இதுல நான் எதுக்காக வேண்டிக்கிறதுன்னு தெரியாம, கோயிலுக்குப் போனா ஒண்ணும் கேக்காம சூடத்த மட்டும் கொளுத்திட்டு வர்றேன்.