நாற்பத்தாறு வயதில் ஒரு பாசிட்டிவ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மனைவி வசந்தி கர்ப்பமாக இருக்கலாம் என்று ஒரு லேப் ரிப்போர்ட் சொன்னது.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. வாரம் மூன்று நாள் திருச்செங்கோட்டில் டயாலிசிஸ். மகளை ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்தே இரண்டு வருடம் ஆகிறது. என் முகம் எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்?

வசந்திக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கர்ப்ப ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாம். ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை. அதனால் 'இருக்கவே இருக்காது' என்று எங்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை...

வசந்தி ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டுல என்னன்னு சொல்றதுங்க?"

எனக்கோ பயம். இந்த உடம்பு இன்னொரு உயிரைத் தாங்குமா? நெட்டில் தேடினால், அந்த ஹார்மோன் ஏறக் காரணம் கட்டியாகவும் இருக்கலாம் என்றது. போனை அணைத்துவிட்டேன்.

மகளிடம் மட்டும் சொன்னோம். மறுநாளே பஸ் ஏறி வந்து, அம்மாவுக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டாள். டயாலிசிஸ் சென்டருக்கு விஷயம் எப்படிக் கசிந்ததோ — நர்ஸ் அன்று அத்தனை பக்குவமாக ஊசி குத்தினார். பக்கத்துக் கட்டிலில், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவர். எப்போதும் கிரியாட்டினின் பற்றியே பேசுகிற மனிதர், வாய்க்கு என்ன கேட்கிறது என்று விசாரித்தார். மாங்காய் என்றாள் வசந்தி. பொட்டாசியம் ஏறும், ஆகவே ஆகாது என்று நர்ஸ் அந்த ஆசையை அங்கேயே முடித்துவைத்தார்.

வியாழக்கிழமை மறு பரிசோதனை, ஸ்கேன். கிட்னி டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கர்ப்பம் என்றால் இரண்டு நாளில் மளமளவென்று ஏறியிருக்க வேண்டிய அளவு, அப்படியே நிற்கிறது. அந்த ஹார்மோன் எல்லார் உடம்பிலும் துளி சுரக்கும். நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். பழுதான கிட்னி ரத்தத்திலேயே தேங்க விட்டுவிடும். டயாலிசிஸ்காரர்களுக்கு இன்னும் சில ஹார்மோன்களும் இப்படி ஏறும், இறங்கும். கட்டி எதுவும் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் வசந்தி உம்மென்று இருந்தாள். வருத்தமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க. ரெண்டு நாளா ஒருத்தரும் என்னைய நோயாளியாப் பாக்கலீங்க. அது நல்லா இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருடமாக நான் அவளிடம் மாத்திரை, தண்ணீர் அளவு, உப்பு தவிர வேறு ஏதாவது பேசியிருக்கிறேன்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சும்மாவும் பேசுகிறேன். அந்த இரண்டு நாளில் ரகசியமாக ஒரு பெயர் யோசித்து வைத்திருந்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை... இதைப் படித்துவிட்டு என்ன பெயர் என்று கேட்பாள்!