பெரியப்பா கிண்டிய களி

கொதிக்கும் இஞ்சினிலிருந்து களி வாசனை வந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அந்த வாசனை என் மூக்கைவிட்டு இன்னும் போகவில்லை. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய களியோடு கிரீஸும் சுட்ட ரப்பரும் கலந்தால் என்ன வருமோ, அது. நட்டநடு ரோட்டில் அந்தக் களியைக் கிண்டிய பெருமை என் பெரியப்பாவைச் சேரும்.

அறுபதுகளின் கடைசியில் வத்தல்மலை அடிவாரத்து எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஊரே 'பிளசர்' என்று சொன்ன அந்தக் கார், யாரோ ஓட்டித் தேய்த்துத் தலைமுழுகிய பழைய வண்டி. முகப்பில் மாதா படம், பின்சீட்டில் வெள்ளை உறை, எல்லாம் இருந்தது; ரேடியேட்டரில் தண்ணீர் மட்டும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு, அதை வெளியே எடுத்துக் கோயில் வாசலில் நிறுத்தி, எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். ஓட்டையைப் பற்றவைக்கச் சொன்னவர்களிடம், "ஒழுகாத வண்டி ஏதுங்க?" என்று சிரிப்பார். அப்பா இறந்தபிறகு எங்கள் வீட்டுக்கும் அவர்தான் 'பெரியவர்' என்பதால் அந்தச் சிரிப்பையும் நாங்கள் சகித்துக்கொண்டோம்.

அருள்மேரி அக்காவுக்குச் சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் டீச்சர் டிரெயினிங் இடம் கிடைத்தது. குறித்த நாளில் மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். காலை ரயிலைப் பொம்மிடியில் பிடிக்க வேண்டும். பொம்மிடிக்கு எங்கள் ஊர் வழியாகவே பஸ் உண்டு. பஸ்ஸில் போகத்தான் அக்கா டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். பெரியப்பா விட்டால்தானே. விடியற்காலையிலேயே பிளசரைத் துடைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அக்கா, அம்மா, ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான், மூவரும் ஏறினோம்.

பாதி வழியில் ஒரு மேட்டின் உச்சிக்குப் போனதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டரின் அடியில் விரல்நீள விரிசல், அதிலிருந்து வெந்நீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பெரியப்பா அக்காவின் பெட்டியைத் திறந்து, விடுதிக்கென்று வாங்கிய புது பார் சோப்பை எடுத்து விரிசலில் தேய்த்தார். இஞ்சின் ஆறி, தண்ணீரை வடித்தபிறகு தேய்த்தால் சோப்பு சிறிது நேரம் நிற்கும். கொதிக்கிறபோது தேய்த்தால் நுரைதான் வரும். நுரைதான் வந்தது.

அந்த நேரத்தில் பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பொம்மிடிக்குங்களா? ஏறிக்கோங்க, ரயிலுக்கு விட்டுர்றோம்" என்றார். அக்கா பெட்டியைத் தூக்கிவிட்டாள். பெரியப்பா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பிளசர வச்சிக்கிட்டு எங்க வூட்டுப் பொண்ணு பஸ்ல போவுமா? நீ போ ராசா."

பஸ் போய்விட்டது. அது கிளப்பிய புழுதி அடங்கும்வரை அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு ஓட்டையை அடைப்பார்கள் என்று டீக்கடையில் கேட்டது அப்போதுதான் பெரியப்பாவுக்கு நினைவு வந்தது. மஞ்சள்தூள் இல்லை. அக்காவுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதே என்று அம்மா அரைத்துக் கட்டியிருந்த கேழ்வரகு மாவு இருந்தது. பக்கத்துக் கிணற்றிலிருந்து நான் தூக்கிவந்த தண்ணீரை ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, மாவைப் பிடிபிடியாக அள்ளிப் போட ஆரம்பித்தார்.

அம்மா அவரிடம் வாய்திறந்து பேசியதே அபூர்வம். அன்று பேசினாள். "கொதிக்கிற தண்ணியில மாவ போட்டா களியாயிருங்களே மாமா."

"களி கிண்டற அறிவ அடுப்போட வச்சுக்க. இது மிசினு."

நாள் தவறாமல் களி தின்று வளர்ந்த மனிதர் சொன்ன பேச்சு இது. ஓட்டை அடைபட்டது, அதை மறுக்கமாட்டேன். தண்ணீர் ஓடுகிற மற்ற வழிகளும் சேர்ந்தே அடைபட்டன. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் வாய்வழியாகக் களி பொங்கி இஞ்சின்மேல் வழிந்தது. அவர் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருக்கும்போது தூரத்தில் ரயில் ஊதியது. அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் ஏறியபிறகு பெரியப்பா எங்களைத் தள்ளச் சொல்லி வண்டியைத் திருப்பினார். வீட்டுப் பக்கம் இறக்கம். இஞ்சின் செத்துக் கிடக்க, கார் தன்பாட்டுக்கு உருண்டு ஊர் எல்லைவரை வந்து சேர்ந்தது. அதற்கு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கம்பீரம் இருக்கிறதே, எனக்குக் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

மறுநாள் அக்கா பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். இடம் போயிருந்தது. அடுத்த தையில் ஏரியூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்று கோயில் வாசலில் பெரியப்பா பிளசருக்குச் சாமந்திப்பூ கட்டி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பஸ்ஸே போதுங்க பெரியப்பா. நேரத்துக்குப் போய்ச் சேரணும்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையோடு ரோட்டுக்கு நடந்தாள்.

இப்போது கார்களில் பச்சை நிறத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஒழுகினால் போன் செய்கிறார்கள், வேறொரு வண்டி வந்து கட்டி இழுத்துப்போகிறது. மாவும் சோப்பும் எடுத்துக்கொண்டு ரேடியேட்டரிடம் போகிற ஆட்கள் ஒழிந்தார்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பிளசரும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பெரியப்பா பின்னாளில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த புளுகு மட்டும் சாகவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய பேரன் நாலு பேர் கேட்க, "எங்க தாத்தா கேவுரு மாவ போட்டே கார வூடு சேர்த்தாருங்க" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

என் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா, தலை நிமிராமல் சொன்னாள்: "மாவு என்னுது சாமி."